தெளிந்த ஏரியில், செடிக்குள் வால்ஐ: உங்கள் அனுபவம் என்ன?

அமெரிக்காவின் மினசோட்டாவில் தூண்டில் போடும் நம் ஆட்கள் பலர், வால்ஐ மீன் (walleye) என்றதும் ஆழத்துக்கோ பாறை மேட்டுக்கோதான் படகை விடுகிறார்கள். தண்ணீர் தெளிவாக உள்ள ஏரி என்றால் நான் முதலில் தேடுவது தண்ணீருக்குள் வளரும் செடியை. இந்த மீனின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் ஒன்று உண்டு; இரவில் டார்ச் அடித்தால் பூனைக்கண் போல மின்னும். மங்கலில் அதற்கு நன்றாகத் தெரியும். நல்ல வெயிலில் ஆழத்துக்கு இறங்கும், இல்லையென்றால் செடி நிழலில் ஒதுங்கும். அது தின்னும் பெர்ச் மீன் குஞ்சுகளும் அதே செடிக்குள்தான் திரிகின்றன. அப்புறம் அது ஏன் வெளியே வரப்போகிறது?

மில் லாக்ஸ் ஏரியில் 2005இல் வரிச்சிப்பி, அதாவது ஜீப்ரா மஸல், தென்பட்டது. அது தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்றுவிடும். அது பெருகிய ஏரிகளில் வெயில் இன்னும் கீழே போகிறது, செடியும் ஆழத்தில் முளைக்கிறது. பழைய இடங்களையே நம்பி உட்கார்ந்திருந்தால் வேலைக்கு ஆகாது.

எந்தச் செடி என்பதும் முக்கியம். அகல இலையுள்ள கேபேஜ் என்ற நீர்ச்செடி கிடைத்தால் விடாதீர்கள். அதன் தண்டு மொறுமொறுப்பானது. ஜிக், அதாவது தலையில் எடை உள்ள தூண்டில் முள், மாட்டினால் சுண்டி இழுத்தால் போதும், இலை கிழிந்து முள் விடுபட்டுவிடும். அப்படி விடுபட்டுத் துள்ளும் நொடியில்தான் பெரும்பாலும் கடி விழும். கூன்டெயில் என்ற செடி அப்படி இல்லை, முள்ளைச் சுற்றிக்கொண்டு கொத்தாக வரும். போன ஜூலையில் அலெக்ஸாண்ட்ரியா பக்கத்து ஏரி ஒன்றில் மதியம் முழுக்க ஒன்றும் கொத்தவில்லை. நாலு மணிக்கு மேல் மேற்குக் காற்று எழுந்து, செடி ஓரத்தில் அலை அடிக்கத் தொடங்கியது. அலை வெளிச்சத்தைச் சிதறடித்துவிடும் அல்லவா, அதே 12 அடித் தண்ணீரில், அதே ஜிக்கில் அடுத்தடுத்து மீன். படகைத் தள்ளி நிறுத்தி நீளமாக வீசினேன். தண்ணீர் தெளிவென்றால் படகின் நிழலே மீனை விரட்டிவிடும்.

மறுமொழி

அண்ணே, காற்று பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் சுண்டி இழுப்பது என் பிள்ளைகளுக்கு வராது. நாங்கள் தூண்டில் நரம்பில் நழுவும் தக்கை போட்டு, சின்ன முள்ளில் உயிருள்ள அட்டைப்பூச்சி கோத்து, செடிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் இறக்குகிறோம். செடியின் உயரத்துக்குச் சற்று மேலே அட்டை நிற்கும்படி, தக்கையைத் தடுக்கும் முடிச்சை நரம்பில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். தக்கை மெல்லச் சாய்ந்தாலே இழுத்துவிடுங்கள். முழுசாக மூழ்கட்டும் என்று காத்திருந்தால் மீன் செடிக்குள் புகுந்துவிடும். கடைசி முழத்துக்கு ஃப்ளூரோகார்பன் நரம்பு கட்டுகிறேன். அது தண்ணீரில் அவ்வளவாகத் தெரியாது.

மறுமொழி

இரண்டு பேரும் பகலைப் பற்றியே பேசுகிறீர்கள். பகலில் மெனக்கெடுவது எனக்குச் சரிப்படவில்லை. இருட்டியதும் வால்ஐ செடிக்கு மேலேயே ஏறி வேட்டையாடும். ஒல்லியான, அதிகம் மூழ்காத மீன்வடிவத் தூண்டிலைச் செடியின் உச்சியை உரசாமல் மெதுவாக, ரொம்ப மெதுவாகச் சுற்றுங்கள். படகில் விளக்கைத் தண்ணீர்மேல் அடிக்காதீர்கள். இலையுதிர் காலத்தில் செடி பழுப்பாகிச் சாயும்போது, மிச்சமிருக்கும் பச்சைத் திட்டைத் தேடுங்கள், மீன் அங்கே கூடியிருக்கும்.

புதிதாக வருபவர்களுக்கு ஒன்று: ஒருவர் எத்தனை வால்ஐ வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு மாநிலப் பொது விதி உண்டு, அதில் 20 அங்குலத்துக்கு மேல் ஒன்றுதான். மில் லாக்ஸுக்குத் தனி விதி, அதுவும் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். 16, 17 அங்குல மீன்தான் வறுக்க அருமை, பெரியதைத் திருப்பி விட்டுவிடலாம்.