செனகாம்பியா கூட்டமைப்பு 1982–89: உடைத்தது மொழியா, சுங்க வரியா?

ஆற்றங்கரை:
காம்பியாவுக்குக் கடல் போக மூன்று பக்கமும் செனகல். அகலம் எந்த இடத்திலும் 50 கி.மீ.யைத் தாண்டாது. இரண்டு பக்கமும் வொலோஃப், மாண்டிங்கா, ஃபூலா பேசும் அதே மக்கள். 1982 பிப்ரவரி 1-இல் இரு நாடுகளும் சேர்ந்த கூட்டமைப்பு நடைமுறைக்கு வந்தது. 1989 செப்டம்பர் 30-இல் கலைத்துவிட்டார்கள். செனகலில் ஆட்சிமொழி பிரெஞ்சு, காம்பியாவில் ஆங்கிலம், அதனால்தான் ஒட்டவில்லை என்று படித்தேன். அவ்வளவுதானா?

பழைய வரைபடம்:
மொழி சிறு இடைஞ்சல்தான். கூட்டமைப்பு எப்படிப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். 1981 ஜூலை 30, காம்பியா அதிபர் ஜவாரா இளவரசர் சார்லஸ் திருமணத்துக்காக லண்டனில் இருந்த நேரம், தலைநகர் பாஞ்சூலில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி. காம்பியாவுக்கு அப்போது ராணுவமே கிடையாது. இருந்த துணைப்படையிலும் ஒரு பகுதி கலகக்காரர்களோடு சேர்ந்துகொண்டது. செனகல் படை வந்துதான் ஜவாராவின் ஆட்சியை மீட்டது. அதே ஆண்டு டிசம்பரில் கூட்டமைப்பு ஒப்பந்தம்.

செனகல் அதிபர் அப்து தியூஃப் கூட்டமைப்பின் தலைவர், ஜவாரா துணைத்தலைவர். 60 இடங்கள் கொண்ட பொது நாடாளுமன்றத்தில் செனகலுக்கு 40, காம்பியாவுக்கு 20. இரு நாடுகளின் இறையாண்மையும் அப்படியே இருக்கும் என்று எழுதிவிட்டு, படைகளை இணைப்பது, பொருளாதார, நாணய ஒன்றியம் அமைப்பது என்றும் எழுதினார்கள். இதில் ஓரளவாவது நடந்தது படை விஷயம் மட்டுமே. பயத்தில் போட்ட ஒப்பந்தம் என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது.

கடலைமூட்டை:
என் கணிப்பில் முடிச்சு விழுந்த இடம் சுங்கம். செனகல் தலைநகர் டக்கரில் ஆலைகள் இருந்ததால் அவற்றைக் காக்க அந்நாடு இறக்குமதி வரியை உயர்த்தி வைத்திருந்தது. காம்பியாவில் ஆலைகள் சொற்பம், வரியும் குறைவு. ஒரு துணிமூட்டை பாஞ்சூல் துறைமுகத்தில் இறங்குகிறது. குறைந்த வரி கட்டி, லாரியில் எல்லையோர ஊருக்குப் போய், அங்கிருந்து கமுக்கமாகச் செனகல் சந்தைக்குள் நுழைகிறது. சர்க்கரை, தேயிலை எல்லாம் இதே வழி. செனகலுக்கு அது கடத்தல். காம்பியாவுக்கோ மறுஏற்றுமதி, அரசு வருமானத்தின் முதுகெலும்பு.

இரு நாடுகளும் வெளியாருக்கு ஒரே வரி விதிக்க வேண்டும் என்றது செனகல். அப்படிச் செய்தால் வரி வித்தியாசம் போய்விடும், பாஞ்சூல் வியாபாரம் படுத்துவிடும். ஆகவே காம்பியா, இரு நாடுகளுக்கிடையே மட்டும் வரியை நீக்கும் தடையற்ற வணிகப் பகுதியோடு நிறுத்திக்கொள்ளப் பார்த்தது. ஏழு ஆண்டும் பேச்சிலேயே கழிந்தது. நாணயமும் அப்படித்தான்: செனகலின் சிஎஃப்ஏ பிராங்க் பிரெஞ்சு பிராங்கோடு நிலையாகக் கட்டப்பட்டது, தன் நாணயமான டலாசியின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று காம்பியா 1986-இல் மிதக்கவிட்டது. எல்லையின் எந்தப் பக்கம் விலை கூடுதலோ அந்தப் பக்கம் நிலக்கடலை நகர்வதை யாராலும் தடுக்க முடியவில்லை.

பழைய வரைபடம்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசி அடி படையிலிருந்துதான் வந்தது. 1989-இல் செனகலுக்கு வடக்கே மொரிட்டானியாவோடு மோதல் முற்றியது. தலைமைப் பதவி இரு நாடுகளுக்கும் மாறி மாறி வர வேண்டும் என்று ஜவாரா கேட்டார். ஆகஸ்டில் தியூஃப் காம்பியாவிலிருந்த செனகல் வீரர்களைத் திரும்ப அழைத்தார். கூட்டமைப்பில் உயிரோடு இருந்த ஒரே உறுப்பும் போயிற்று.

செனகலுக்கு இது முதல் முறிவும் அல்ல. செனகலும் இன்றைய மாலியும் சேர்ந்த மாலி கூட்டாட்சி 1960 ஜூன் 20-இல் விடுதலை பெற்று ஆகஸ்ட் 20-இல் உடைந்தது. கூட்டாட்சி அரசின் தலைவராக இருந்த மாலித் தலைவர் மோதிபோ கெய்த்தாவை டக்கரிலிருந்து ரயிலில் ஏற்றி மாலியின் பமாக்கோவுக்கு அனுப்பினார்கள். அதன்பின் அந்த ரயில் பாதை 1963 வரை எல்லையில் மூடிக்கிடந்தது.

ஆற்றங்கரை:
நன்றி. காம்பியா ஆற்றுப் பாலமாவது அந்தக் காலத்தில் வந்ததா?

கடலைமூட்டை:
வரவில்லை. டக்கரிலிருந்து, காம்பியாவுக்குத் தெற்கே இருக்கும் செனகல் பகுதியான கசமான்ஸ் போகும் லாரிகளுக்குப் பாலம் வேண்டும் என்று செனகல் கேட்டுக்கொண்டே இருந்தது. பாலத்தோடு பாசனத்துக்கு அணையும் வேண்டும் என்றது காம்பியா. பாலம் வந்தால் ஃபெர்ரிக் கட்டணமும் போகும். ஃபராஃபென்னி அருகே பாலம் திறந்தது 2019 ஜனவரியில். அதுவரை லாரிகள் ஃபெர்ரிக்காக நாள்கணக்கில் வரிசையில் நின்றன.