மறு: பள்ளிக்கூட நிதி – டீச்சர் கேட்டது ஒண்ணு, நம்ம கைக்கு வந்த மடல் வேற ஒண்ணு

அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம்.

போன மாசம் நம்மூர் நடுநிலைப் பள்ளிக்காக, வெளிநாட்டுல இருக்குற நம்மூர்க்காரங்க குழுவுல ஒரு மடல் வந்துச்சுல்ல, "பள்ளியின் கல்வி வளர்ச்சிக்குத் தாராளமாக நிதி வழங்குமாறு அன்புடன் வேண்டுகிறோம்"னு, கீழ ஸ்மார்ட் கிளாஸ், சுற்றுச்சுவர், கம்ப்யூட்டர், அறிவியல் உபகரணம், மொத்தம் 8 லட்சம்னு போட்டிருந்தாங்க. 3 வாரம் ஆச்சு, பணம் தர்றேன்னு சொன்னது ரெண்டே பேரு. நமக்கெல்லாம் மனசு இல்லன்னு நான் நினைக்கல. கும்பாபிஷேகத்துக்கு எப்படி அள்ளிக் கொடுத்தோம்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த மடலை நான் ரெண்டு தடவை படிச்சேன், படிச்சு முடிச்சதும் ஒரு பிள்ளை முகம் கூட கண்ணுல வரல, நான் அனுப்புற பணம் எதா மாறும்னும் தெரியல. பெரிய தொகையில நம்ம காசு எங்க போய் கரையுமோன்னு தோணுச்சு, அப்படியே மூடி வச்சுட்டேன். உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இங்க அமெரிக்காவுல, ஒஹாயோவுல என் பொண்ணு மூணாங்கிளாஸ் படிக்கும்போது அவ டீச்சர் டோனர்ஸ்சூஸ்னு, டீச்சருங்க வகுப்புக்கு வேண்டியதைக் கேக்குற ஒரு சைட்ல வேண்டுகோள் போட்டிருந்தாங்க. தெரியாதவங்களுக்கு சொல்றேன், 2000ல நியூயார்க் பிராங்ஸ்ல சார்லஸ் பெஸ்ட்னு ஒரு வாத்தியார் ஆரம்பிச்சது. அவரோட மாணவர்களே கையால 2,000 பேருக்கு கடுதாசி எழுதி கொடையாளிங்களைத் தேடியிருக்காங்க. இந்த ஊர்ல எதுக்கு இதெல்லாம்னு நானும் நினைச்சிருக்கேன், ஆனா 2014-15ல எடுத்த அரசாங்க கணக்குப்படி இங்க அரசுப் பள்ளி ஆசிரியர்கள்ல 94 சதவீதம் பேரு சொந்தக் காசுல வகுப்புக்கு சாமான் வாங்கியிருக்காங்க, சராசரியா 479 டாலர். இந்த சைட்ல டீச்சர் கையில பணம் தரமாட்டாங்க. அவங்க கேட்ட சாமானை இவங்களே வாங்கி பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாங்க, எது எத்தனை, என்ன விலைன்னு பக்கத்துலயே இருக்கும்.

அந்த டீச்சர் கேட்டது 6 ஆடுற ஸ்டூல். அவ்வளவு தான். "என் வகுப்புல 6 பிள்ளைங்களுக்கு ஒரு இடத்துல அசையாம உக்கார முடியாது, நாற்காலியைப் பின்னால சாய்ச்சு சாய்ச்சு விழுறாங்க, வாசிப்பு நேரம் 20 நிமிஷத்துல நான் பாதி நேரம் பேரைக் கூப்பிட்டு அதட்டிக்கிட்டே இருக்கேன், ஆடுற ஸ்டூலா இருந்தா சத்தமில்லாம ஆடிக்கிட்டே படிப்பாங்க"ன்னு எழுதியிருந்தாங்க. நான் 25 டாலர் போட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு போட்டோவும் பிள்ளைங்க எழுதினதும் வந்துச்சு. ஒரு பையன் பென்சில்ல எழுதியிருந்தான், இப்பல்லாம் டீச்சர் என் பேரைக் கத்துறதே இல்லன்னு. அதைப் படிச்சுட்டு அடுத்த வருஷம் அவங்க கேக்குறதுக்கு முன்னாடியே நான் போய் தேடினேன்.

2007ல டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக்னு மூணு பேரு, எதைப் படிச்சா மனுஷங்க அதிகமா கொடுப்பாங்கன்னு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. ஆளுக்கு 5 டாலர் கையில கொடுத்து, சிலருக்கு ஆப்பிரிக்கா பஞ்சத்துல எத்தனை லட்சம் பேருங்கிற கணக்கு, சிலருக்கு மாலி நாட்டு 7 வயசுப் பொண்ணு ஒருத்தியோட கதைன்னு படிக்கக் கொடுத்து, அந்தக் காசுல இருந்து நன்கொடை கேட்டாங்க. பொண்ணு கதையைப் படிச்சவங்க கொடுத்ததுல பாதி கூட கணக்கைப் படிச்சவங்க கொடுக்கல. ரெண்டையும் சேர்த்துக் கொடுத்தா அப்பவும் கொடை குறைஞ்சுதான் போச்சு. அதனால நம்பரே கூடாதுன்னு நான் சொல்லல, ஒரு வகுப்பறைக்குள்ள அடங்குற நம்பர் மனசுல நிக்கும், 8 லட்சம் நிக்காது.

சரின்னு போன ஞாயித்துக்கிழமை நம்மூர் அறிவியல் டீச்சருக்கே போன் போட்டேன். உங்களுக்கு என்னம்மா வேணும்னு கேட்டேன், கொஞ்சம் தயங்கிட்டு மைக்ராஸ்கோப்னாங்க. ஆறாவதுல செல் (உயிரணு) பாடம் இருக்கு, வெங்காயத் தோலை உரிச்சு ஸ்லைடுல வச்சு ஒரு சொட்டு சாயம் விட்டு காட்டணும். இருக்குற ஒரே மைக்ராஸ்கோப்புல லென்ஸ் பூஞ்சை புடிச்சு மங்கிப்போச்சு. 40 நிமிஷ பீரியடு, 38 பிள்ளைங்க, ஆளுக்கு ஒரு நிமிஷம், அதுக்குள்ள முன்னாடி பாத்த பிள்ளை கை பட்டு ஃபோகஸ் போயிருக்கும். "நான் போர்டுல படம் வரைஞ்சு போட்டுடுவேன்க்கா, பரிட்சையில எல்லாம் நல்லா தான் வரையுறாங்க, ஆனா ஒரு பையன் எந்திரிச்சு டீச்சர் இது நெசமாவே வெங்காயத்துக்குள்ள இருக்கான்னு கேட்டான், எனக்கு பதில் சொல்ல வரல"ன்னாங்க.

இந்த ஒரு வரி அந்த மடல்ல இருந்திருந்தா போதும்ங்க. 8 லட்சத்துப் பட்டியல்ல "அறிவியல் உபகரணம்"னு ரெண்டு வார்த்தையா சுருங்கிப் போயிருக்கு.

கும்பகோணத்துல ஒரு கடையில அவங்களே விலை கேட்டு வச்சிருக்காங்க. ஒண்ணு 4,200 ரூபாய், 5 வாங்கினா 21,000. ஸ்லைடு, கவர் ஸ்லிப், சாயம் எல்லாம் 1,400. ஆக 22,400. 5 இருந்தா ஏழெட்டு பிள்ளைக்கு ஒண்ணு, ஆளுக்கு 5 நிமிஷம் கிடைக்கும், பாத்ததை அங்கயே உக்காந்து வரையலாம்.

புது மடலை டீச்சர் பேச்சுலயே எழுதச் சொல்லியிருக்கேன். "ஏழை எளிய மாணவர்கள்"னு ஆரம்பிக்க வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன், அதே பெஞ்சுல உக்காந்து படிச்சு வந்தவங்க தானே நாம, அந்தப் பிள்ளைங்க நாளைக்கு இந்த மடலைப் படிச்சா தலை குனியக் கூடாது. போட்டோவுல பிள்ளைங்க முகம் வேண்டாம், அந்த மங்கின லென்ஸையும் போர்டுல வரைஞ்ச படத்தையும் போடலாம். பில்லு பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல வச்சு நோட்டுல ஏத்தி, அதோட நகல் நம்ம குழுவுக்கு வரணும். சாமான் வந்தப்புறம் என்ன ஆச்சுன்னு ஒரு மடல் கட்டாயம் வரணும், அது வராததால தான் 2 வருஷம் முன்னாடி கொடுத்தவங்க இந்தத் தடவை பேசாம இருக்காங்கன்னு எனக்குத் தோணுது.

பணம் அனுப்புறதுல ஒரு விஷயம். இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கவங்க சொந்த சேமிப்புல இருந்து பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடையில சேராது. வேற நாட்டு குடியுரிமை வாங்கினவங்க, ஓசிஐ கார்டு (வெளிநாட்டு குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளிக்கு இந்தியா தர்ற கார்டு) இருந்தாலும், எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல பதிவோ முன் அனுமதியோ உள்ள இடத்துக்கு தான் கொடுக்க முடியும், அதனால அவங்க தயவுசெஞ்சு நேரா பள்ளிக்கு அனுப்ப வேண்டாம், பள்ளிக்கு பெரிய தலைவலி ஆயிடும். சுற்றுச்சுவர் மாதிரி பெரிய வேலைக்கு அரசுப் பள்ளிங்களுக்கு நன்கொடை சேர்க்குற தமிழ்நாடு அரசோட "நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி" திட்டம் 2022 டிசம்பர்ல இருந்து இருக்கு, அந்த வழியில கேக்கலாம்னு தலைமையாசிரியர் கிட்ட பேசுறேன்.

ஒரு மைக்ராஸ்கோப் என் கணக்கு. மீதி 4 இருக்கு. ரெண்டாம் பருவத்துல தான் செல் பாடம், அதுக்குள்ள போய்ச் சேரணும்.