மொபைல் வெப் ஆப்பில் லோடிங் வளையம்: நடுவில் நிற்கவில்லை, பட்டனில் நசுங்குகிறது, பாதியில் உறைகிறது

ஈரிழை கேட்டது:

வணக்கம். ஃப்ரேம்வொர்க் எதுவும் இல்லாத மொபைல் வெப் ஆப். லோடிங்குக்கு இருந்த ஜிஃப் படம் டார்க் மோடில் வெள்ளை விளிம்போடு தெரிவதால், அதை எடுத்துவிட்டு சிஎஸ்எஸ் வளையம் போட்டிருக்கிறேன். அகலம், உயரம் 40 பிக்சல். பார்டர் 4 பிக்சல், வெளிர் சாம்பல். மேல் பார்டர் மட்டும் நீலம். பார்டர்-ரேடியஸ் 50%. கீஃப்ரேமில் (அனிமேஷனின் படிகளை எழுதும் இடம்) ரொட்டேட் 360 டிகிரி, கூடவே மேல் பார்டர் நீலத்திலிருந்து பச்சைக்கு மாறுகிறது. ஒரு சுற்றுக்கு 0.8 நொடி, இன்ஃபினிட்.

நான்கு இடத்தில் இடிக்கிறது. டாப், லெஃப்ட் 50% கொடுத்து டிரான்ஸ்லேட் −50% போட்டு நடுவில் வைத்தேன். அனிமேஷன் ஓடியதும் வளையம் வலப்பக்கம் கீழே 24 பிக்சல் தள்ளிப் போகிறது. ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒரு தயக்கம். 'சேமி' பட்டனுக்குள் வைத்தால் முட்டை வடிவம். பெரிய பட்டியல் வரும்போது அப்படியே உறைகிறது, சில சமயம் திரைக்கே வருவதில்லை. எஸ்விஜிக்கு (கோடுகளாக வரையும் பட வடிவம்) மாறினால் இதெல்லாம் சரியாகுமா?

ஓரப்பிக்சல்:

எஸ்விஜிக்கு மாறினாலும் இந்த நாலும் அப்படியேதான் இருக்கும் நண்பரே. இருக்கிறதையே சரி பண்ணலாம்.

டிரான்ஸ்ஃபார்ம் என்பது ஒரே ப்ராப்பர்ட்டி. கீஃப்ரேமில் ரொட்டேட் மட்டும் எழுதினால் வெளியே எழுதிய டிரான்ஸ்லேட்டோடு அது சேராது, அதை அடித்துவிடும். அதனால் வளையத்தின் இடது மேல் மூலைதான் திரையின் நடுவில் போய் உட்காருகிறது. 20 இல்லாமல் 24 பிக்சல் நகர்கிறது என்பதிலேயே இன்னொன்றும் தெரிகிறது: பாக்ஸ்-சைசிங் கன்டென்ட்-பாக்ஸாக இருக்கிறது, 40-உடன் இரண்டு பக்கப் பார்டரும் சேர்ந்து உங்க வளையம் 48 பிக்சல். பார்டர்-பாக்ஸ் போடுங்க.

நடுவில் வைக்கிற வேலையை வளையத்துக்குக் கொடுக்காதீங்க, அதன் தாய்ப் பெட்டிக்குக் கொடுங்க: டிஸ்ப்ளே கிரிட், பிளேஸ்-ஐட்டம்ஸ் சென்டர். வளையத்துக்குச் சுற்றுவது மட்டும்தான் வேலை. டிரான்ஸ்லேட்டை விட முடியாத இடமென்றால் கீஃப்ரேமில் டிரான்ஸ்ஃபார்முக்குப் பதில் ரொட்டேட் என்ற தனி ப்ராப்பர்ட்டியையே எழுதலாம்; க்ரோம் 104, சஃபாரி 14.1, ஃபயர்ஃபாக்ஸ் 72 முதல் உண்டு. கீஃப்ரேமுக்குள்ளேயே டிரான்ஸ்லேட்டையும் திரும்ப எழுதுகிற வழக்கம் ஒன்று உண்டு. அது வேண்டாம், அதே கீஃப்ரேமைப் பட்டனில் பயன்படுத்த முடியாமல் போகும்.

தயக்கத்துக்குக் காரணம், டைமிங் ஃபங்ஷன் எழுதாவிட்டால் 'ஈஸ்' என்றே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றும் கடைசியில் வேகம் குறைந்து நிற்கும். லீனியர் போட்டால் போதும்.

முட்டை: பட்டன் ஃப்ளெக்ஸ், உள்ளே எழுத்து நீளம், இடம் பற்றவில்லை. ஃப்ளெக்ஸ்-ஷ்ரிங்க் இயல்பாக 1 என்பதால் வளையத்தின் அகலம் சுருங்குகிறது, உயரம் அப்படியே நிற்கிறது. வளையத்துக்கு 'ஃப்ளெக்ஸ்: நன்' கொடுங்க. பட்டனுக்குள் 16 பிக்சல் வளையம், 2 பிக்சல் பார்டர் போதும். நிறம் கரன்ட்கலர் (எழுத்தின் நிறமே), மேல் பார்டர் டிரான்ஸ்பரன்ட். எழுத்து வெள்ளையானால் வளையமும் வெள்ளை, டார்க் மோடுக்குத் தனி வேலை இல்லை. 'எம்' அலகில் (1 எம் என்பது எழுத்தின் அளவு) அளவு கொடுத்தால் கவனம்: எழுத்து 15 பிக்சல் என்றால் 0.125 எம் பார்டர் 1.875 பிக்சல் ஆகும். பின்ன அளவில் வளையம் மையம் விலகித் தள்ளாடுவது கண்ணுக்குத் தெரியும். முழு எண், அதுவும் இரட்டை எண், பத்திரம்.

'சேமி' என்ற எழுத்தை நீக்கிவிட்டு வளையத்தை வைத்தால் பட்டனே சுருங்கிக் குதிக்கும். எழுத்தையும் வளையத்தையும் ஒரே கிரிட் கட்டத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, எழுத்துக்கு ஒப்பாசிட்டி 0 கொடுங்க. விசிபிலிட்டி ஹிட்டன் கொடுத்தால் திரைவாசிப்பானுக்குப் பட்டனின் பெயரே இல்லாமல் போய்விடும்.

தறிநூல்:

உறைவதைப் பற்றி. டிரான்ஸ்ஃபார்ம், ஒப்பாசிட்டி இரண்டையும் உலாவி கம்பாசிட்டர் த்ரெட்டில் (வரைந்த அடுக்குகளைத் திரையில் சேர்க்கும் தனிப் பாதை) ஓட்ட முடியும். மெயின் த்ரெட்டில் (ஸ்கிரிப்ட் ஓடும் முதன்மைப் பாதை) உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் எவ்வளவு நேரம் முட்டிக்கொண்டிருந்தாலும் வளையம் சுற்றும். ஆனால் நீங்கள் அதே கீஃப்ரேமில் பார்டர் நிறத்தையும் சேர்த்திருக்கிறீர்கள். பார்டர் நிறம் மாற ஒவ்வொரு ஃப்ரேமிலும் திரும்ப வரைய வேண்டும். அது மெயின் த்ரெட் வேலை. க்ரோமில் ஒரே கீஃப்ரேமில் இரண்டும் இருந்தால் ரொட்டேட்டும் சேர்ந்து மெயின் த்ரெட்டுக்கு வந்துவிடும். சுற்றலைத் தனிக் கீஃப்ரேமாகவும் நிறத்தைத் தனிக் கீஃப்ரேமாகவும் பிரித்து, அனிமேஷன் ப்ராப்பர்ட்டியில் கமா போட்டு இரண்டையும் கொடுங்கள். பாரம் ஏறும்போது நிறம் நிற்கும், சுற்றல் நிற்காது. நிறமாற்றத்தையே விட்டுவிட்டால் இன்னும் நல்லது, 0.8 நொடியில் அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

திரைக்கே வராதது வேறு கதை. வளையத்தைக் காட்டும் கிளாஸைச் சேர்த்த அடுத்த வரியிலேயே கனமான வேலையைத் தொடங்கினால், உலாவிக்கு ஒரு ஃப்ரேம் வரையக்கூட இடைவெளி கிடைப்பதில்லை. வேலை முடிந்து கிளாஸை எடுத்த பிறகுதான் வரையும், அப்போது காட்ட ஒன்றுமில்லை. ரிக்வெஸ்ட்-அனிமேஷன்-ஃப்ரேமுக்குள் செட்-டைம்அவுட் 0 வைத்து, அதற்குள் வேலையைத் தொடங்குங்கள். ரிக்வெஸ்ட்-அனிமேஷன்-ஃப்ரேம் மட்டும் போதாது, அது வரைவதற்கு முன்பே ஓடும்.

இதெல்லாம் வளையத்தைக் காப்பாற்றும், ஆப்பைக் காப்பாற்றாது. வளையம் அழகாகச் சுற்றிக்கொண்டிருக்க, விரல் தொட்டால் எதுவும் நடக்காது. பட்டியலை 50 வரிசை 50 வரிசையாகச் சேர்த்து, நடுவில் செட்-டைம்அவுட்டால் வழிவிடுங்கள். ஜேசன் (வந்து சேரும் தரவின் எழுத்து வடிவம்) பிரிப்பதே நேரம் எடுத்தால் அதை வெப் வொர்க்கருக்கு (பின்னணியில் தனியாக ஓடும் ஸ்கிரிப்ட்) அனுப்புங்கள்.

ஈரிழை:

மிக்க நன்றி, நான்கும் சரியாகிவிட்டது. இன்னொன்று: வடிவமைப்பாளர் கேட்பது வால் மங்கிக்கொண்டே போகும் வளையம். பார்டரில் அது வரவில்லை. எஸ்விஜியாக எடுத்து இமேஜ் டேகில் வைத்தேன், கரன்ட்கலர் கொடுத்தும் கறுப்பாகவே வருகிறது.

கோணல்வட்டம்:

இமேஜ் டேகில் வைத்த எஸ்விஜி தனி ஆவணம். பக்கத்தின் நிறம் அதற்குள் போகாது, அதனால் கரன்ட்கலர் கறுப்பாகிறது. எஸ்விஜியை நேராக எச்டிஎம்எல்லுக்குள் எழுதினால் வரும்.

மங்கும் வாலுக்கு எஸ்விஜியே தேவையில்லை. ஒரு சதுரப் பெட்டி, பார்டர்-ரேடியஸ் 50%, பின்னணியாகக் கோனிக்-கிரேடியன்ட் (மையத்தைச் சுற்றி நிறம் மாறும் பூச்சு): டிரான்ஸ்பரன்டில் தொடங்கிக் கரன்ட்கலரில் முடியட்டும். நடுவில் ஓட்டை போட மாஸ்க்: ரேடியல்-கிரேடியன்ட், ஃபார்தெஸ்ட்-சைட், 100 சதவீதத்திலிருந்து 4 பிக்சல் கழித்த இடம் வரை டிரான்ஸ்பரன்ட், அதற்கு மேல் கறுப்பு. இரண்டு நிறுத்தத்தையும் ஒரே இடத்தில் வைத்தால் உள்விளிம்பு பல் பல்லாகத் தெரியும், கறுப்பு 3.5 பிக்சல் கழித்த இடத்தில் தொடங்கட்டும், அந்த அரைப் பிக்சலில் வழுவழுப்பு வந்துவிடும். க்ரோமில் முன்னொட்டு இல்லாத மாஸ்க் 120 முதல்தான். அதனால் வெப்கிட் முன்னொட்டோடு ஒரு வரி, இல்லாமல் ஒரு வரி.

வில் நீண்டு சுருங்குகிற மாதிரி வேண்டுமென்றால்தான் எஸ்விஜி. வியூபாக்ஸ் 0 0 50 50, வட்டத்தின் ஆரம் 20, ஸ்ட்ரோக் 4. சுற்றளவு 125.66 வரும், அதை வைத்துக் கணக்குப் போடாமல் பாத்-லெங்த் 100 என்று கொடுத்தால் டேஷ்-அரேயை (கோடு, இடைவெளியின் நீளங்கள்) சதவீதமாகவே எழுதலாம். சுற்றலை உள்ளே இருக்கும் வட்டத்துக்குக் கொடுக்காதீங்க. எஸ்விஜிக்குள் சுழல்மையம் இயல்பாக 0,0. வட்டம் தன் மையத்தில் சுற்றாமல் மூலையைச் சுற்றி ஊர்வலம் போகும். சுற்றல் வெளி எஸ்விஜிக்கு, நீள்வது உள் வட்டத்துக்கு. நீள்கிற பகுதி மெயின் த்ரெட்டில்தான் ஓடும், தறிநூல் சொன்ன உறைவு அதற்கும் பொருந்தும்.

மெதுநடை:

தோற்றம் சரி, எப்போது காட்டுவது என்று யாரும் சொல்லவில்லையே. 150 மில்லிநொடியில் பதில் வந்துவிட்டால் வளையம் பளிச்சென்று வந்து மறையும், அது எரிச்சல். தொடக்கத்தில் ஒப்பாசிட்டி 0, 300 மில்லிநொடி தாமதத்துடன் ஒப்பாசிட்டி 1-க்குப் போகும் ஒரு அனிமேஷன், ஃபில்-மோட் ஃபார்வேர்ட்ஸ் (முடிந்த நிலையிலேயே நிற்க). ஜாவாஸ்கிரிப்ட் டைமரே வேண்டாம். வந்துவிட்டால் குறைந்தது 500 மில்லிநொடி நிற்கட்டும்.

மறைக்கும்போது டிஸ்ப்ளே நன். ஒப்பாசிட்டி 0-வில் விட்டால் கண்ணுக்குத் தெரியாமல் சுற்றிக்கொண்டு பேட்டரியைத் தின்னும். மறைக்கும் வரியை ஃபைனலி பிளாக்கில் வையுங்கள். பிழை வந்தாலும் வளையம் போக வேண்டும். ஒரே நேரத்தில் பல கோரிக்கைகள் போனால் எண்ணிக்கை வைத்து, 0 ஆனபிறகு மட்டும் மறையுங்கள்.

இணைப்பைத் தொட்டு வேறு பக்கம் போய்ப் பின்னால் வந்தால் வளையம் சுற்றியபடியே நிற்கிறதா? உலாவி பக்கத்தை விட்ட நிலையிலேயே நினைவிலிருந்து எடுத்துக் காட்டுகிறது. பேஜ்ஷோ நிகழ்வில் பெர்சிஸ்டட் உண்மையா என்று பார்த்து அங்கேயே மறைத்துவிடுங்கள்.

அசைவைக் குறைக்கச் சொன்ன பயனருக்கு அனிமேஷனை மொத்தமாக நிறுத்திவிடுவது தவறு. நின்றுபோன வளையம் ஆப் தொங்கிவிட்டது போலத் தெரியும். ப்ரிஃபர்ஸ்-ரிடியூஸ்டு-மோஷனுக்குள் சுற்றலை எடுத்துவிட்டு, 2 நொடியில் மெல்ல மங்கித் தெளியும் ஒப்பாசிட்டி கொடுங்கள். திரைவாசிப்பானுக்கு ரோல் ஸ்டேட்டஸ் உள்ள காலிப் பெட்டி முதலிலிருந்தே பக்கத்தில் இருக்கட்டும். 'ஏற்றப்படுகிறது' என்ற எழுத்தை மட்டும் பிறகு போடுங்கள். பெட்டியையும் எழுத்தையும் ஒன்றாகச் சேர்த்தால் பல நேரம் வாசிக்காது.

ஓரப்பிக்சல்:

மெதுநடை சொன்ன 500 மில்லிநொடி முழுத்திரை வளையத்துக்குச் சரி, பட்டனுக்கு வேண்டாம். சேமித்து முடிந்த பிறகும் பட்டனைப் பூட்டி வைப்பது பயனரின் நேரத்தை எடுப்பதுதான். அங்கே உடனே டிக் குறிக்கு மாற்றிவிடுங்க.

ஈரிழை, முழுத்திரை மறைப்புக்கு உயரம் 100விஎச் (திரை உயரத்தின் 100%) கொடுத்திருந்தால் எடுத்துவிடுங்க. மொபைலில் முகவரிப்பட்டை திறந்திருக்கும்போது 100விஎச் என்பது தெரியும் பகுதியைவிட உயரம், வளையம் நடுவுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். பொசிஷன் ஃபிக்ஸ்டு, இன்செட் 0 போதும். அந்த மறைப்பைப் பக்கம் வழுக்கி வரும் அனிமேஷன் உள்ள பெட்டிக்குள் வைக்காதீங்க. தாய்ப் பெட்டியில் டிரான்ஸ்ஃபார்ம் இருந்தால் ஃபிக்ஸ்டு திரையை விட்டுவிட்டு அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொள்ளும், ஸ்க்ரோல் பண்ணினால் வளையமும் கூடவே போகும். பாடி டேகின் நேரடிக் குழந்தையாக வையுங்க.