மறு: புளோயருக்கு ஊதியா, விசிறியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையை வாசித்துக்கொண்டே இருந்தேன், எழுதத்தான் முடியவில்லை, ஏனென்றால் நாம் தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருக்கும் அதே சாமான், அதாவது ஏசிக் காற்றை வண்டிக்குள் தள்ளும் புளோயர், என் காரில் படுத்துவிட்டது. குமிழை 1, 2, 3 எதில் வைத்தாலும் காற்று இல்லை, 4-க்குத் திருப்பினால் மட்டும் முகத்தில் அறைகிற மாதிரி வருகிறது. நானே கழற்றிச் சரிசெய்தேன். செய்ததைத் தமிழில் எழுதி வைக்கலாமே என்று உட்கார்ந்தால் முதல் வரியே நகரவில்லை. சரி, இங்கே வந்த சொற்களையே ஒவ்வொன்றாகப் பழுதுபார்க்கிற வாக்கியத்தில் போட்டுப் பார்ப்போம் என்று தொடங்கினேன். பட்டியலில் அழகாக இருக்கிற சொல் எல்லாம் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு படிக்கும்போது உதவுவதில்லை.

> "விசிறி" என்றே இருக்கட்டுமே, எதற்குப் புதுச்சொல்?

இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வண்டியின் முன்பக்கம், ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரையும் ரேடியேட்டரையும் ஒட்டி, ஏற்கெனவே ஒரு விசிறி இருக்கிறது. அது நின்றால் உள்ளே காற்று வரும், குளிர்ச்சி போய்விடும், வண்டி நிற்கும்போது நன்றாகவே தெரியும். உள்ளே இருக்கிற புளோயர் நின்றால் நேர் தலைகீழ்: காற்றைக் குளிர்விக்கும் ஆவியாக்கி குளிர்ந்துதான் கிடக்கும், அந்தக் குளிரைத் தள்ளிவிட ஆளில்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. முன்பு ஒருமுறை "ஏசி விசிறி மோட்டார்" என்று கேட்டு, முன்பக்க மோட்டாரை வாங்கி வந்து, அரை நாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு இது எங்கே பொருந்தும் என்று முழித்திருக்கிறேன்.

வேலை செய்கிற விதமும் வேறு. விசிறியின் இறக்கை பின்னால் இருந்து காற்றை வாங்கி முன்னால் தள்ளும். புளோயரில் இருப்பது சுற்றிலும் குறுகலான தகடுகள் வரிசையாக நிற்கும் ஒரு கூடை. நடுவில் காற்றை உறிஞ்சி, விளிம்பு வழியாக வீசி, நத்தைக்கூடு போன்ற உறைக்குள் திரட்டி, ஒரே வாய் வழியாக அனுப்பும். வடிகட்டி, ஆவியாக்கி, வளைந்து வளைந்து போகும் குழாய் என்று இத்தனை தடையைத் தாண்டிக் காற்றைத் தள்ள அதுதான் தோது.

> ஊதி. இரண்டே எழுத்து.

இரண்டே எழுத்துதான், மறுக்கவில்லை. ஆனால் "ஊதி நின்றுவிட்டது" என்று எழுதிப் பாருங்கள். ஊதி என்ற கருவி நின்றதா, எதுவோ ஊதிவிட்டு நின்றதா? பெயரும் வினையெச்சமும் ஒரே வடிவம். விசிறியும் அப்படித்தானே, "விசிறி எறிந்தான்" என்கிறோமே என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் விசிறி காலங்காலமாகக் கையில் புழங்கும் பொருள், கேட்டதுமே பெயராக விழுகிறது. புதிதாக வருகிற சொல்லுக்கு அந்தச் சலுகை கிடைக்காது. முன்னால் காற்றைச் சேர்த்தால் தீர்ந்தது: காற்றூதி. முழு அமைப்புக்கும் இதை வைக்கலாம். உள்ளே சுற்றும் கூடைக்கு ஊதுருளி என்பது என் யோசனை. உருளி என்றால் பாத்திரம் ஆயிற்றே என்பீர்கள், சக்கரம் என்ற பொருளும் அதற்கு உண்டு. மோட்டாரை மோட்டார் என்றே விடுவோம், எல்லாவற்றுக்கும் சண்டை போட முடியாது.

இனி என் குறிப்பிலிருந்து ஒரு துண்டு, சொற்கள் தாங்குகின்றனவா பாருங்கள்:

"காற்றூதி எந்த வேகத்திலும் ஓடவில்லை என்றால் முதலில் உருகியை (ஃபியூஸ்) பாருங்கள், பல வண்டிகளில் 30 அல்லது 40 ஆம்பியர் இருக்கும். அது நன்றாக இருந்தால் குமிழை உச்ச வேகத்தில் வைத்து, மோட்டாருக்கு வரும் இணைப்பின் இரண்டு முனைகளுக்கும் இடையே மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். ஒரு முனையையும் வண்டியின் உடம்பையும் தொட்டு அளந்தால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் நிறைய வண்டிகளில் மோட்டாரின் ஒரு கம்பிக்குச் சாவி போட்டதுமே 12 வோல்ட் வந்துவிடும், வேகத்தைக் கூட்டிக் குறைப்பது எர்த் பக்கத்தில் நடக்கும். இரு முனைக்கும் இடையே 12 வோல்ட் இருந்தும் சுற்றவில்லையா, பழுது மோட்டாரில்தான். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் லேசாகத் தட்டியதும் ஓடினால் பெரும்பாலும் மோட்டாருக்குள் மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். ஓடும்போது டிக் டிக் என்று சத்தம் வந்தால் ஊதுருளியில் இலையோ காகிதமோ சிக்கியிருக்கும்."

(காற்றூதியை எட்ட கிளவ்பாக்ஸைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள், மஞ்சள் இணைப்புகளில் கை வைக்காதீர்கள், அவை பெரும்பாலும் ஏர்பேக்குக்குப் போவன. அளக்கும்போது மட்டும் பேட்டரியை மாட்டிக்கொள்ளலாம். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.)

---

மறுமொழி:

தம்பி, காற்றூதிக்கு என் வாக்கு. துருத்தியை முன்மொழிந்தவன் நான்தான், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அமுக்கி விரிக்கிற தோல்பைக்குப் பொருந்தும், சுழல்கிற ஒன்றுக்கு அதை மாட்டிவிட்டது என் ஆசை. ஊதுருளி எனக்கு நாக்கில் இன்னும் ஏறவில்லை, பழகிப் பார்க்கிறேன்.

ஆனால் நீங்கள் நைசாக ஒன்றைத் தாண்டிப் போய்விட்டீர்கள். 4-இல் மட்டும் ஓடியது என்றால் உங்கள் வண்டியில் போனது மோட்டார் இல்லை, ரெசிஸ்டர். அதற்கு ஒரு பெயர் வைக்காமல் குறிப்பு எப்படி முடியும்? வேகத்தைக் குறைக்கிற மின்தடையம், ஆகவே "வேகத்தடையம்" என்று வைக்கலாமா?

---

மறுமொழி:

ஐயா, மாட்டிக்கொண்டேன். அங்கேதான் சொல் கிடைக்காமல் நிறுத்தியிருந்தேன்.

வேகத்தடையம் என்று படித்ததும் எனக்குச் சாலையில் இருக்கிற மேடுதான் கண்ணில் வந்தது. "வேகத்தடையம் எரிந்துவிட்டது" என்றால் யாராவது தார் உருகிவிட்டதா என்று கேட்பார்கள். அந்தச் சொல்லைச் சாலைக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், இனித் திரும்பி வராது.

அது செய்கிற வேலையைப் பார்த்தேன். தொடராகச் சில கம்பிச்சுருள்கள். குமிழ் 1-இல் இருந்தால் மின்சாரம் எல்லாச் சுருளையும் தாண்டிப் போகவேண்டும், 2-இல் ஒன்று குறையும், 3-இல் இன்னும் குறையும், 4-இல் சுருளே கிடையாது, மோட்டாருக்கு நேர்வழி. என் வண்டி 4-இல் மட்டும் ஓடியதற்குக் காரணம் அதுதான். ஒவ்வொன்றும் ஒரு படி, ஆகவே படித்தடையம். உடனே என் தங்கை "படிக்காத தடையம் எது?" என்று கேட்டுவிட்டாள். அதனால் முதல்முறை வரும் இடத்தில் "வேகப்படித் தடையம்" என்று விரித்து எழுதிவிட்டு அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். குமிழில் படி இல்லாமல், டிரான்சிஸ்டர் வைத்து வேகத்தை ஏற்றி இறக்குகிற தானியங்கி ஏசிக்கு இந்தப் பெயர் ஆகாது, அதை வேகக் கட்டுப்படுத்தி என்று தனியாக வைப்போம்.

குறிப்பின் மிச்சம் இப்போது எழுத வருகிறது: "படித்தடையம் காற்றூதியின் வழியிலேயே பொருத்தப்பட்டிருக்கும், அது வீசும் காற்றில்தான் இதன் சூடு தணியவேண்டும். வடிகட்டி அடைத்துக் காற்று குறைந்தாலோ, மோட்டார் இறுகி அதிக மின்சாரம் இழுத்தாலோ இது சூடேறி, இதிலுள்ள வெப்ப உருகி விட்டுப்போகும். அந்த உருகியைக் கம்பி வைத்துக் குறுக்கே இணைத்துவிடாதீர்கள், தீப்பிடிக்கும். புதிய படித்தடையம் போடுவதற்கு முன் ஊதுருளியைக் கையால் சுற்றிப் பாருங்கள், இறுக்கமாக இருந்தால் புதியதும் சீக்கிரம் எரியும். இணைப்பின் பிளாஸ்டிக் உருகியிருந்தால் அதையும் மாற்றுங்கள்."

என் வண்டியில் குற்றவாளி வடிகட்டிதான். வெளியே எடுத்தபோது அது வடிகட்டி மாதிரியே இல்லை, உதிர்ந்த இலையில் செய்த மெத்தை மாதிரி இருந்தது.

மேலே எர்த் என்றே விட்டிருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். புவியிணைப்பு என்று எழுதிவிட்டு அழித்தேன். வண்டி நான்கு ரப்பர் சக்கரத்தின் மேல் நிற்கிறது, அதற்குப் புவியோடு என்ன இணைப்பு? அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், வாருங்கள்.