‘சிங்க்’ என்பதற்குக் ‘கொள்ளிடம்’ – புளோயம் பாடத்துக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

தாவரங்களில் புளோயம் என்ற திசு வழியே சர்க்கரை கடத்தப்படும் பாடத்துக்காக ‘ஸோர்ஸ்’ (சர்க்கரையைத் தரும் உறுப்பு), ‘சிங்க்’ (அதை வாங்கும் உறுப்பு) இரண்டுக்கும் தமிழ்ச்சொல் கேட்டிருந்தீர்கள். இதுவரை வந்தவற்றில் ‘மூலம்–தொட்டி’ எனக்கு ஒப்பவில்லை. தொட்டி என்றதும் மாணவர் கண்முன் வருவது நீர் தேங்கிக் கிடக்கும் இடம். வளரும் குருத்தில் சர்க்கரை தேங்குவதில்லை, வந்ததும் செலவாகிவிடுகிறது. அதனால்தான் அங்கே மேலும் மேலும் போகிறது.

‘தலைமடை–கடைமடை’ அழகான இணை. நானும் இரண்டு நாள் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். பாசனம் தெரிந்த பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம். ஆனால் வாய்க்காலில் தலைமடை என்றைக்கும் தலைமடைதான். செடியில் அப்படி இல்லை. உருளைக்கிழங்கு பருக்கும்போது இலை தருகிறது, கிழங்கு வாங்கிக்கொள்கிறது. அதே கிழங்கு முளைவிடும்போது தன்னிடமுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி முளைக்குக் கொடுக்கிறது. தளிராக இருக்கும்வரை வாங்கிய இலை, வளர்ந்தபின் தரத் தொடங்குகிறது. நம் கல்லீரலும் இப்படித்தான்: சாப்பிட்டதும் குளுக்கோஸை வாங்கிக் கிளைக்கோஜனாகச் சேர்த்துவைக்கிறது, பட்டினி கிடந்தால் திரும்ப இரத்தத்தில் விடுகிறது. ஆகவே நமக்கு வேண்டிய சொல், அந்த நேரத்தில் அந்த உறுப்பு என்ன செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

என் பரிந்துரை: தருமிடம், கொள்ளிடம். ‘கொள்’ என்பதில் வாங்குதலும் இருக்கிறது, கொள்ளளவும் இருக்கிறது. ஜெர்மன் தாவர அறிஞர் எர்ன்ஸ்ட் முன்ச் 1930-இல் விளக்கிய அழுத்த ஓட்டத்தை இந்தச் சொற்களில் எழுதிப் பார்த்தேன்: “தருமிடத்தில் சர்க்கரை ஏற்றப்படுவதால் பக்கத்தில் நீரைக் கடத்தும் திசுவான சைலத்திலிருந்து நீர் உள்ளே வந்து அழுத்தம் கூடுகிறது. கொள்ளிடத்தில் சர்க்கரை இறங்குவதால் நீரும் வெளியேறி அழுத்தம் குறைகிறது. இந்த வேறுபாட்டால் சாறு நகர்கிறது.” தடங்கலில்லாமல் வருகிறது. இதயம் போல ஒரு பம்பு இல்லாமலே ஓட்டம் எப்படி நடக்கிறது என்பதும் விளங்கிவிடுகிறது.

எடுத்துக்காட்டுக்குப் பனையைச் சேருங்கள். பாளை ஒரு கொள்ளிடம். அதன் நுனியைச் சீவிக் கலயம் கட்டினால், பூவுக்கும் காய்க்கும் போயிருக்க வேண்டிய சாறுதான் பதநீராக இறங்குகிறது.

மறுமொழி:

ஐயா, வணக்கம். நான் திருச்சிப் பக்கம். கொள்ளிடம் என்றதும் எங்கள் பிள்ளைகளுக்கு ஆறுதான் நினைவுக்கு வரும். முதலில் அதைக் குறையாக நினைத்தேன். அப்புறம் யோசித்தால், முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிந்து வெள்ளக் காலத்தில் மிகுநீரை வாங்கிக்கொள்வது அந்த ஆறுதானே. சொல் நிற்கும்.

‘தருமிடம்’ சற்று நீளம். ‘ஈவிடம்’ என்று சுருக்கிப் பார்த்தேன். உள்ளே ‘விடம்’ கண்ணில் படுகிறது, வேண்டாம். தருமிடமே இருக்கட்டும்.

இன்னொன்று. இலங்கைப் பாடநூல்களில் சைலம் ‘காழ்’, புளோயம் ‘உரியம்’. மரப்பட்டையை உரித்தால் கூடவே வருவது அந்தத் திசுதான். எவ்வளவு பொருத்தமான சொல்! முதல் முறை வரும் இடத்திலாவது ‘புளோயம் அல்லது உரியம்’ என்று இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.