பழவேற்காட்டில் மிஞ்சிய 340 மீட்டர்

ஜியோஹாஷிங் என்பது, பூமியை ஒரு பாகை அளவுள்ள கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அன்றாடம் ஒரு கணக்கு காட்டும் புள்ளிக்குப் போய்ச் சேர முயலும் விளையாட்டு. நான் சென்னைவாசி என்பதால் அதில் எனக்கு வாய்த்த கட்டம் அட்சரேகை 13, தீர்க்கரேகை 80. இதில் நிலப்பகுதி ஏறத்தாழ 80.3-ஐ ஒட்டியே முடிந்துவிடுகிறது, மிச்சமெல்லாம் வங்கக்கடல். பத்து நாளில் ஏழு நாள் புள்ளி கடலில்தான் விழும். நிலத்தில் விழும் நாளிலும் ஸ்ரீஹரிகோட்டா போன்ற தடைசெய்யப்பட்ட இடமாக அமைந்துவிடுவதுண்டு.

2008 மே மாதம் எக்ஸ்கேசிடி இணையச் சித்திரத்தில் ராண்டல் மன்ரோ வெளியிட்ட முறைப்படி, தேதியையும் அமெரிக்கப் பங்குச்சந்தையின் டோ ஜோன்ஸ் குறியீட்டின் தொடக்க மதிப்பையும் சேர்த்து எம்டி5 என்ற கணினிக் கணக்குமுறைக்குக் கொடுத்து, கிடைக்கும் 32 எழுத்துகளை இரண்டாகப் பிரித்துத் தசமங்களாக்கி, நம் கட்டத்தின் எண்களுக்குப் பின்னால் ஒட்டினால் அன்றைய இடம் கிடைத்துவிடும். நம் பகுதிக்கு முந்தைய நாளின் மதிப்பே கணக்கு, வார இறுதியில் சந்தை திறக்காததால் வெள்ளியின் மதிப்பே நீடிக்கும் என்பதால், குளிர்காலத்தில் வெள்ளி இரவு எட்டு மணிக்கே சனி, ஞாயிறு, திங்கள் மூன்றுக்கும் புள்ளிகள் தெரிந்துவிடும்.

கடந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமைப் புள்ளி பழவேற்காட்டு ஏரியின் ஓரத்தில் விழுந்தது. செயற்கைக்கோள் படத்தில் அந்த இடம் வெளிறிய காய்ந்த தரையாகத் தெரிந்ததால், என் அக்கா மகனை அழைத்துக்கொண்டு மின்ரயிலில் பொன்னேரிக்கும் அங்கிருந்து பேருந்தில் பழவேற்காட்டுக்கும் போய்ச் சேர்ந்தேன். அந்தப் படம் கோடையில் எடுத்தது என்பதும், வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு ஏரி அதே இடத்தில் நிற்காது என்பதும் எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கரையிலிருந்து பார்த்தால் தண்ணீர் கணுக்கால் அளவுதான். அக்கா மகன் முன்னே இறங்கி, கைபேசியைப் பார்த்தபடி "மாமா, இன்னும் 340 மீட்டர்தான்" என்றான். பாகையில் அது மூன்றாவது தசம இடத்தில் வெறும் மூன்று! அடுத்த அடியில் அவனுக்கு முழங்கால்வரை புதைந்தது. பறியோடு இறால் தடவிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி நிமிர்ந்து பார்த்து, "தம்பி, அது தரை இல்ல, களி. உள்ள போகப் போக இழுக்கும், ஏறி வா" என்று அதட்டினார். அங்கே என்ன இருக்கிறது என்று அவர் கேட்டதற்கு, ஒன்றுமில்லை, ஒரு எண் மட்டும்தான் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

படகுக்காரர் ஒருவரிடம் கேட்டதற்கு, அந்தப் பக்கம் படகு தரைதட்டும் என்று கைவிரித்துவிட்டார். சுற்றிப்போக எஞ்சியிருந்த ஒரே வழி, ஓர் இறால் பண்ணையின் வரப்பு. அங்கிருந்த காவலாளி அனுமதிக்கவில்லை. தனியார் இடத்தில் அத்துமீறுவது இந்த விளையாட்டில் வழக்கமில்லை என்பதால் நானும் வாதாடவில்லை.

சனிக்கிழமைச் சந்திப்புக்கு வழக்கமான நேரமான நான்கு மணிவரை கரையிலேயே அமர்ந்து, கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டோம். வேறு யாரும் வரவில்லை. அன்று புள்ளிக்கு மிக அருகில் சென்றது களியிலிருந்து காலை உருவும்போது அக்கா மகன் விட்டுவந்த இடது செருப்புதான். பொன்னேரிக்குத் திரும்பும் பேருந்தில் அவன் ஒற்றைச் செருப்போடுதான் ஏறினான்.