ஐயர் படித்த பைபிளும் ஆச்சி படித்த பைபிளும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பாளைவாசி:
ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. இறையியல் கல்லூரியிலிருந்து எங்கள் சபைக்குப் போதகராகப் புதிதாக வந்த ஐயர் மாற்கு 16 எடுத்தார். பைபிளின் மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளான சினாய்ப் பிரதி, வத்திக்கான் பிரதி இரண்டும் எட்டாம் வசனத்தோடு நின்றுவிடுகின்றன, மிச்சமெல்லாம் பின்னால் சேர்ந்தது என்றார். விஷயம் சரிதான். ஆனால் எங்கள் ஆச்சிக்கு அந்த மிச்சத்தில்தான் உயிர். "வியாதியஸ்தர்மேல் கைகளை வைப்பார்கள், அப்பொழுது சொஸ்தமாவார்கள்" என்பதற்குச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். அதை நம்பித்தான் ஊரில் காய்ச்சல் கண்ட வீட்டுக்கெல்லாம் போய் ஜெபிப்பார்.

ஆராதனை முடிந்து ஐயர் வாசலில் நிற்கிறார். ஆச்சி பைபிளை விரித்தபடியே போய், பெருவிரலை ஒன்பதாம் வசனத்தில் வைத்துக்கொண்டு, "ஐயரே, அப்போ இங்கேருந்து கிழிச்சிரட்டுமா?" என்றார். ஐயர் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஆச்சி வேடிக்கைக்குக் கேட்கவில்லை. பதில் வருமென்று கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

உபதேசியார் மகன்:
நான் அந்த ஐயர் கட்சி. பி.டி. (இறையியல் பட்டப்படிப்பு) முதல் வருஷ விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தேன். குடும்ப ஜெபத்தில் 1 யோவான் 5, வாசிப்பு என் முறை. ஏழாம் வசனம் தெரியுமே, "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்". கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் பதிப்பித்த அறிஞர் எராஸ்மஸ், தன் 1516 பதிப்பில் அதை விட்டுவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் 1522இல் சேர்த்தார் என்று அப்போதுதான் படித்திருந்தேன். அந்த வேகத்தில் ஆறிலிருந்து எட்டுக்குத் தாவினேன். அப்பா கண்ணைத் திறக்கவே இல்லை. ஏழாம் வசனத்தை மனப்பாடமாக, நிதானமாக, கடைசி வார்த்தை வரைக்கும் சொன்னார். "ம், இப்போ எட்டு வாசி" என்றார்.

அதற்கப்புறம் அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவருக்கு விஷயம் முன்னமே தெரியுமோ என்னவோ.

மார்த்தாள்:
பாளைவாசி அண்ணன், ஆச்சி மனசு நோகும் என்று உண்மையை மூடி வைக்கச் சொல்கிறீர்களா? சிரித்தது தப்பு. சொன்னது தப்பில்லை. "ஆவியானவரே போதிப்பார், படிப்பு எதற்கு" என்பவர்களிடம் மாட்டிய குடும்பம் எங்களுடையது. என் கொழுந்தனுக்குச் சர்க்கரை. வீட்டுச் சபை நடத்திய ஒருவர் "விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்" என்ற யாக்கோபு 5:15ஐ வைத்து, மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று போட்டுத் தாளித்துவிட்டார். காணிக்கைப் பை வந்தபோது கொழுந்தன் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து அதில் போட்டார். அல்லேலூயா என்று கைதட்டல். பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். பிற்பாடு கால்விரலை எடுக்க வேண்டி வந்தது.

ஆச்சி கோடு போட்ட அதே பதினெட்டாம் வசனம்தான் "சர்ப்பங்களை எடுப்பார்கள்" என்றும் சொல்கிறது. அமெரிக்காவில் அதை நம்பி ஆராதனையில் பாம்பைக் கையில் பிடித்த ஜார்ஜ் ஹென்ஸ்லி, 1955இல் பாம்பு கடித்தே செத்தார். ஐயர் சொன்னதைச் சொல்ல ஆள் வேண்டுமா வேண்டாமா?

பழைய ஏடு:
என் கதை சின்னது. ஒரு கன்வென்ஷனில் பிரசங்கியார், "பேதுருவும் யோவானும் படிப்பறியாதவர்கள், அப்போஸ்தலர் 4:13" என்று முழங்கிக்கொண்டிருந்தார். கீழேயிருந்து ஒரு பள்ளிக்கூடப் பையன், "பவுல் கமாலியேல்கிட்ட படிச்சாரே" என்று, பவுலுக்கு வேதம் கற்பித்த யூத ஆசிரியர் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டான். அவன் அம்மா வாயைப் பொத்தினார். அவ்வளவுதான்.

சரி, எல்லாருக்கும் ஒன்று சொல்கிறேன். ஆச்சி கையிலிருந்த பைபிளே படித்தவர்கள் உழைப்பு. சீகன்பால்கு ஜெர்மனியில் ஹாலேயில் படித்துவிட்டு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியவர். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. அதன் பிறகு பப்ரிசியுஸ் மொழிபெயர்ப்பு, அப்புறம் 1871இல் ஹென்றி பவர் குழுவின் மொழிபெயர்ப்பு. ஆகவே படிப்பைத் திட்டாதீர்கள். மாற்குவை ஒரே மூச்சில் முழுசாக வாசியுங்கள், ஒரு மாலை போதும். பக்கத்தில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட்காரரும் சேர்ந்து செய்து 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். அடிக்குறிப்பை இரண்டாம் வாசிப்பில் பாருங்கள். வெளிப்படுத்தின விசேஷத்தில் ஆரம்பிக்காதீர்கள். வாட்ஸாப்பில் வரும் கிரேக்க விளக்கத்தை நம்பாதீர்கள். இளம் ஐயர்மாரே, பிரதி வித்தியாசங்களைப் பிரசங்க பீடத்தில் அவிழ்க்காமல் வாரநாள் வேதபாடத்தில் பேசுங்கள், அங்கேதான் எதிர்க்கேள்வி கேட்க முடியும். பென்சிலால் கோடு போடுவது நல்ல பழக்கம், ஆனால் முன்னும் பின்னும் பத்து வசனம் வாசித்துவிட்டுப் போடுங்கள்.

கடைசி பெஞ்சு:
பழைய ஏடு ஐயா, உங்களிடம் யார் கேட்டார்கள்?

எங்கள் வேதபாடத்தில் மத்தேயு 20, திராட்சத்தோட்டக் கூலிகள் உவமை: காலையில் வேலைக்கு வந்தவனுக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி. ஐயர் யூதர், புறஜாதியார் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தார். கட்டட வேலைக்குப் போகும் அண்ணாச்சி ஒருவர் எழுந்தார். "அஞ்சு மணி வரைக்கும் கடைத்தெருவுல நின்னவன் சோம்பேறி இல்ல ஐயரே. காலையில வர்ற மேஸ்திரி வாட்டசாட்டமான ஆளாப் பொறுக்கிட்டுப் போயிருவான். மிச்சம் நிக்கிறவன் வயசானவன், கால் விளங்காதவன். அவன் வீட்டுலயும் அன்னைக்கு அரிசி வாங்கணும்லா? அதான் முழுக்கூலி."

ஐயர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் அது அப்படியே வந்தது, உவமையில் கூலியாக வரும் தினாரி என்பது ரோமர்களின் வெள்ளிக்காசு, ஒரு நாள் கூலி என்ற விவரமும் சேர்ந்து. ஆழமான செய்தி என்று எல்லாரும் பாராட்டினார்கள். அண்ணாச்சி பெயர் வரவில்லை. அண்ணாச்சியும் வரவில்லை, அன்றைக்கு அவருக்குக் கான்கிரீட் வேலை.